கற்பனை ஹெவி குரூசர் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டப்படாத ஒரு போர்க்கப்பலை எடை, நீளம், வேகம், கவசம் எல்லாம் கணக்குப் போட்டுக் காகிதத்தில் வடிவமைத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரைபடத்தைக் காட்டி "இது மிதக்குமா?" என்று கேட்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டுக் கப்பல்: 1928-ல் கட்டத் தொடங்குவதாக வைத்துக்கொண்ட 10,000 டன் குரூசர், எட்டு 8 அங்குலப் பீரங்கிகள், 32 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம், நெடுங்கடல் வணிகப் பாதைகளைக் காக்கும் வேலை.

ஹெவி குரூசர்னா என்ன? சின்ன போர்க்கப்பல்னு எடுத்துக்கலாமா?

இல்லை. பேட்டில்ஷிப் எனப்படும் பெரும் போர்க்கப்பல், தன் அளவுள்ள எதிரியின் அடியை வாங்கிக்கொண்டு நிற்பதற்காகக் கட்டப்படுவது. குரூசர் தேடவும் துரத்தவும் காவல் சுற்றவும் கட்டப்படுவது. அதற்கு வேகமும் நெடுந்தூரம் ஓடும் எரிபொருளும் முதலில் வேண்டும், மிச்சம் இருப்பதில்தான் கவசம்.

"ஹெவி" என்ற பிரிவு ஒப்பந்தத்தால் வந்தது. 1930 லண்டன் ஒப்பந்தம் 6.1 அங்குலத்துக்கு, அதாவது 155 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பீரங்கி கொண்ட குரூசர்களைத் தனி வகையாக வைத்தது. கப்பலின் எடைக்கும் இந்தப் பிரிவுக்கும் தொடர்பில்லை. அதனால்தான் சில லைட் குரூசர்கள் சில ஹெவி குரூசர்களைவிடப் பெரிதாக இருக்கின்றன.

ஏன் எல்லாரும் 10,000 டன், 8 அங்குலம்னே சொல்றாங்க?

1922 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தம் விதித்த உச்சவரம்பு அது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஐந்தும் ஏற்றுக்கொண்டன. பிரிட்டனிடம் 7.5 அங்குலப் பீரங்கிகளோடு ஏறத்தாழ 9,800 டன்னில் ஹாக்கின்ஸ் வகைக் கப்பல்கள் புத்தம் புதிதாக இருந்தன, அவற்றை உடைக்க அது விரும்பவில்லை. அமெரிக்காவின் வரைவு மேசையில் 8 அங்குலம் ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்து வரம்பு ஆயிற்று.

வாஷிங்டனில் குரூசர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. உச்சவரம்பாக எழுதியதை எல்லாரும் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கடற்படையின் தேவையிலிருந்தும் இயல்பாகப் பிறக்காத அளவு இது என்பது என் கருத்து. ஆசைப்பட்டதெல்லாம் உள்ளே போகாது, எதையாவது விட்டே ஆக வேண்டும். வடிவமைத்துப் பார்க்க இந்த வகை இவ்வளவு சுவையாக இருப்பதும் அதனால்தான்.

10,000 டன்னில் எரிபொருளும் சேர்த்தியா?

சேர்த்தி இல்லை. ஒப்பந்தம் சொல்லும் "ஸ்டாண்டர்ட் இடப்பெயர்ச்சி" என்பது ஆட்கள், குண்டுகள், உணவு, குடிநீர் எல்லாம் ஏற்றி, எரிபொருளும் பாய்லருக்கான இருப்பு நீரும் இல்லாத எடை. டன் என்றால் இங்கே 1,016 கிலோ கொண்ட பிரிட்டிஷ் டன். ஆகவே மெட்ரிக் கணக்கில் நம் கையில் இருப்பது 10,160 டன். இனி வரும் எடைகள் எல்லாம் மெட்ரிக்.

எடுத்துக்காட்டுக் கப்பலுக்கு 2,400 டன் எண்ணெய் வைக்கிறோம். பாதி எண்ணெயோடு அது 11,360 டன், முழு எண்ணெயோடு 12,560 டன். வேகத்தையும் மிதப்பையும் பாதி எண்ணெய் நிலையில் கணக்கிடுங்கள். எண்ணெயே இல்லாத கப்பலுக்கு வேகம் கணக்கிட்டு வருபவர்கள் அதிகம்.

முதல்ல எதை முடிவு பண்ணணும்? பீரங்கியா, கவசமா?

இரண்டும் இல்லை. எந்தக் கடலில், எவரை எதிர்த்து, என்ன வேலை என்பதுதான் முதலில். பிரிட்டனின் கென்ட் வகைக் குரூசர்கள் சுமார் 3,400 டன் எண்ணெய் ஏற்றின, ஏனென்றால் அவற்றின் காவல் பாதை இந்தியப் பெருங்கடலையும் சீனக் கடலையும் தாண்டியது. மத்தியதரைக் கடலைவிட்டு வெளியே போகத் தேவையில்லாத இத்தாலிக்கு அவ்வளவு வேண்டாம். அந்த எடையை அது ட்ரென்டோ வகைக் குரூசர்களில் வேகத்துக்கும் ஸாரா வகையில் கவசத்துக்கும் கொடுத்தது.

வேலை முடிவானதும் எடையைப் பங்கு போடுங்கள். நம் கப்பலுக்கு நான் போட்ட பங்கு: உடற்கூடு 4,900 டன், இயந்திரங்கள் 1,950, பீரங்கிகளும் குண்டுகளும் 1,350, கவசம் 1,250, ஆட்கள், உணவு, படகுகள், விமானம் முதலிய மற்றவை 710. கூட்டினால் 10,160. இனி எந்த ஆசை வந்தாலும் இந்த ஐந்தில் ஒன்றிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

கப்பலை ஏன் இவ்வளவு நீளமாக வைக்கணும்? குட்டையாக வைத்தால் கவசம் மிச்சமாகுமே?

கவசம் மிச்சமாகும், வேகம் போய்விடும். ஓடும் கப்பல் தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். 32 நாட்டில் அது ஏறத்தாழ 174 மீட்டர். கப்பல் அதைவிட நீளமாக இருந்தால் முன்முனையும் பின்முனையும் அலை முகடுகளின் மேல் நின்று கப்பல் சமமாக ஓடும். குட்டையாக இருந்தால் பின்பக்கம் பள்ளத்தில் அமிழ்ந்து, தானே எழுப்பிய அலையின்மேல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது எவ்வளவு குதிரைத்திறன் கொடுத்தாலும் போதாது.

அதனால் நம் கப்பலுக்கு நீர்மட்டத்தில் 182 மீட்டர் நீளம், 19.5 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம். இந்தப் பெட்டியில் 0.52 பங்குதான் கப்பல், மீதி முனைகளின் ஒடுக்கத்தில் போகிறது. பெருக்கி, கடல்நீரின் அடர்த்தி 1.025-ஆல் மீண்டும் பெருக்கினால் 11,350 டன். மேலே சொன்ன பாதி எண்ணெய் எடையோடு பொருந்துகிறது. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் எந்த வரைபடத்தையும் தொடங்க வேண்டாம்.

32 நாட்டுக்குப் பதிலாக 35 நாட் வைத்தால் என்ன குறைஞ்சிடும்?

கவசம் மொத்தமும். வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பத் திறன் கூடும் என்பது தோராய விதி. 90,000 குதிரைத்திறனில் 32 நாட் என்றால், அந்த விதிப்படி 35 நாட்டுக்குச் சுமார் 1,18,000. ஆனால் மேலே சொன்ன அலைச் சிக்கலால் உண்மைக் கணக்கு இன்னும் மோசம். 35 நாட்டை இலக்காக வைத்த இத்தாலியின் ட்ரென்டோவுக்கு 1,50,000 தேவைப்பட்டது.

அந்தக் காலத்து டர்பைன், பாய்லர்களுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 21.5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 60,000 குதிரைத்திறனுக்கு 1,290 டன். நம் கவசப் பங்கே 1,250 டன்தான். பிரான்ஸின் டுகென் வகை அந்த வழியில் போய், பக்கக் கவசம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் வந்தது. அதே பிரான்ஸ் சில ஆண்டுகள் கழித்து 31 நாட் போதும் என்று இறங்கி, 110 மில்லிமீட்டர் பக்கக் கவசத்தோடு அல்ஜெரி கப்பலைக் கட்டியது. ஒப்பந்தக் குரூசர்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். மூன்று நாட் வேகத்தை விட்டுக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கப்பல் இல்லை.

எட்டு, ஒன்பது, பத்துப் பீரங்கி: எது நல்லது?

எத்தனை கோபுரம், அதாவது பீரங்கிகளைச் சுமந்து திரும்பும் கவசக் கூண்டு, என்று கேளுங்கள். இரட்டைப் பீரங்கிக் கோபுரம் சுமார் 200 டன், மூன்று பீரங்கிக் கோபுரம் 250 முதல் 300 டன். நான்கு இரட்டைக் கோபுரங்களில் எட்டுப் பீரங்கி வைப்பதும், மூன்று கோபுரங்களில் ஒன்பது வைப்பதும் எடையில் ஏறத்தாழ சமம். ஆனால் கோபுரம் குறைந்தால் அடியிலுள்ள வெடிமருந்துக் கிடங்குகள் சுருங்கும், காக்க வேண்டிய நீளமும் சுருங்கும். அமெரிக்கா நார்தாம்ப்டன் வகையில் இந்த வழிக்குத்தான் வந்தது.

எதிர்ப்பக்கம்: ஒரு கோபுரம் அடிபட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. இடம் மிச்சம் பிடிக்க இத்தாலியும் தொடக்கத்தில் அமெரிக்காவும் பீரங்கியைத் தாங்கும் தொட்டில் ஒன்றிலேயே பல பீரங்கிகளை நெருக்கி வைத்தன. ஒன்றாகச் சுட்டபோது குண்டுகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்து எங்கெங்கோ சிதறி விழுந்தன. பீரங்கிகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள். அதற்குக் கோபுரம் அகலமாகும், கப்பலும் அகலமாக வேண்டும்.

6 அங்குலப் பீரங்கி பன்னிரண்டு வைத்தால் இன்னும் வேகமாகச் சுடலாமே?

சுடலாம். பிரிட்டிஷ் 8 அங்குலக் குண்டு 116 கிலோ, 6 அங்குலக் குண்டு 51 கிலோ. எட்டுப் பீரங்கி நிமிடத்துக்கு நான்கு முறை சுட்டால் 3,712 கிலோ. பன்னிரண்டு பீரங்கி ஆறு முறை சுட்டால் 3,672 கிலோ. இரவுச் சண்டையிலும் கிட்டத்துச் சண்டையிலும் 6 அங்குலம் சளைத்ததில்லை.

ஆனால் பகலில், தெளிந்த வானத்தில், 20 கிலோமீட்டருக்கு அப்பால் கனமான குண்டுதான் வேகத்தை இழக்காமல் போய்க் கவசத்தைத் துளைக்கும். எந்தக் கடல் என்ற பழைய கேள்வி மீண்டும் வருகிறது பாருங்கள். மூடுபனி அடிக்கடி சூழும் வட கடலுக்கு 6 அங்குலம். பசிபிக் போன்ற திறந்த கடலுக்கு 8 அங்குலம் என்பது என் தேர்வு.

11 அங்குலம் வைத்தால் யாரும் கிட்ட வர மாட்டாங்களே?

ஜெர்மனி செய்து பார்த்தது. டாய்ச்லாண்ட் வகையில் 280 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறு, டீசல் எஞ்சின்கள், சுமார் 28 நாட் வேகம். 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே அவற்றில் ஒன்றான கிராஃப் ஸ்பேயை மூன்று குரூசர்கள் எதிர்த்தன. ஆறு 8 அங்குலப் பீரங்கிகள் கொண்ட எக்ஸெட்டர் சின்னாபின்னமானது. ஆனால் கிராஃப் ஸ்பேயிடம் இருந்தவை இரண்டே கோபுரங்கள். எக்ஸெட்டர் மீது குறிவைத்தபோது ஏஜாக்ஸும் அக்கிலீஸும் நெருங்கின, அவற்றின் பக்கம் திருப்பியபோது எக்ஸெட்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. விரைவாகத் தப்பி ஓடவும் முடியவில்லை. பல திசைகளில் எதிரி வரக்கூடிய வேலைக்கு இந்த வடிவம் ஒத்துவராது.

கவசம் எவ்வளவு கனம் வைக்கலாம்? 150 மில்லிமீட்டர் போட்டேன், எடை தாங்கல.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். எஃகு கன மீட்டருக்கு 7.85 டன். 100 மில்லிமீட்டர் கனம், 4 மீட்டர் உயரம், 100 மீட்டர் நீளம், இரு பக்கமும் சேர்த்துப் பக்கக் கவசம்: 628 டன். அதே நீளத்துக்கு, 19 மீட்டர் அகலத்தில், 50 மில்லிமீட்டர் தளக் கவசம்: 746 டன். பக்கக் கவசத்தில் பாதிக் கனம்தான், ஆனாலும் எடை அதிகம்! தளத்தின் பரப்பு அவ்வளவு பெரிது. 25 மில்லிமீட்டர் கூட்டினால் பக்கத்தில் 157 டன், தளத்தில் 373 டன்.

இரண்டும் சேர்ந்தே 1,374 டன். கோபுரத்துக்கு அடியில் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும் கவச உருளையான பார்பெட்டும், குறுக்குச் சுவர்களும் இன்னும் சேரவில்லை, அதற்குள் 1,250 தாண்டிவிட்டது. அதனால் காக்கும் நீளத்தை 90 மீட்டராகவும், பக்கக் கவச உயரத்தை 3.5 மீட்டராகவும், தளத்தை 18.5 மீட்டர் அகலத்துக்கு 38 மில்லிமீட்டராகவும் குறைத்தேன். இப்போது பக்கம் 495, தளம் 497, மீதி 258 டன் பார்பெட்டுக்கும் சுவர்களுக்கும். இந்தக் கவசம் டிஸ்ட்ராயர்களின் குண்டையும் பெரும்பாலான 6 அங்குலக் குண்டையும் தடுக்கும். 8 அங்குலக் குண்டை எல்லாத் தூரத்திலும் தடுக்க 10,000 டன்னில் வழியில்லை.

உடற்கூட்டிலிருந்து கொஞ்சம் மீட்க ஒரு வழி உண்டு. ஜப்பானிய வடிவமைப்பாளர் ஹிராகா யுசுரு, ஃபுருடாகா வகையில் பக்கக் கவசத்தையே உடற்கூட்டின் பலத்தில் ஒரு பகுதியாக்கினார். கவசத் தகட்டைச் சும்மா தொங்கவிடாமல் கப்பலின் வளைவைத் தாங்கும் வேலையையும் அதற்குக் கொடுத்தார்.

ஒப்பந்தத்தை மீறி ரகசியமாக 1,000 டன் கூட்டினால்?

இத்தாலியின் ஸாரா 150 மில்லிமீட்டர் பக்கக் கவசம் பெற்றதே வரம்பைத் தாண்டியதால்தான். ஜப்பானின் மியோகோவும் தாண்டியது. கற்பனைக் கப்பலில் நீங்களும் தாண்டலாம், ஆனால் தாண்டப்போகிறோம் என்று முதலிலேயே தெரிந்து நீளம், அகலங்களை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

கட்டும்போது தானாகக் கூடிய எடைதான் ஆபத்து. நம் கப்பலை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த 25 டன் போதும். 1,000 டன் கூடினால் சுமார் 40 சென்டிமீட்டர் கீழே போகும். பாதி எண்ணெயில் பக்கக் கவசம் நீருக்கு மேல் 2 மீட்டர் தெரிவதாக வைத்தோம் என்றால், முழு எண்ணெய் ஏற்றியதும் 48 சென்டிமீட்டர் போய்விடும், கூடுதல் எடைக்கு இன்னொரு 40. மிச்சம் 1.1 மீட்டர் சொச்சம். கொஞ்சம் அலை அடித்தால் கவசத்துக்கு மேலேயே தண்ணீர்.

மேல்தளத்தில் இடம் இருக்கே, இன்னும் பீரங்கி, பாலம், டார்ப்பிடோ எல்லாம் வைக்கலாமா?

இடம் இருக்கும், நிலைப்பு இருக்காது. கப்பல் சாய்ந்தால் நிமிர வைப்பது மெட்டாசென்ட்ரிக் உயரம், இந்த வகைக் கப்பல்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஈர்ப்பு மையத்துக்கு 12 மீட்டர் மேலே 100 டன் வைத்தால் அதில் பத்து சென்டிமீட்டர் போய்விடும். 1934 மார்ச்சில் ஜப்பானின் டோமோசுரு என்ற டார்ப்பிடோ படகு புயல்கடலில் கவிழ்ந்தது, காரணம் மேல் எடை. அடுத்த ஆண்டு ஒரு சூறாவளியில் அவர்களுடைய நான்காம் கடற்படைத் தொகுதியே அடிபட்டது. புதிய மொகாமி குரூசரின் பற்றவைப்பு இணைப்புகளிலும் கோளாறு தெரிந்தது. அதன்பின் பல கப்பல்களைத் துறைக்கு இழுத்துத் திருத்த வேண்டியிருந்தது.

அதற்காக மெட்டாசென்ட்ரிக் உயரத்தை அள்ளிக் கொடுத்துவிடவும் கூடாது. 0.9 மீட்டரில் நம் கப்பல் ஒரு முறை உருண்டு திரும்பச் சுமார் 16 விநாடி, 1.5 மீட்டரில் 13 விநாடிக்கும் குறைவு. வெடுக்கென்று உருளும் தளத்திலிருந்து பீரங்கியால் குறிபார்க்க முடியாது. அமெரிக்காவின் பென்சகோலா வகை நினைத்ததைவிட இலகுவாக வந்து, கடலில் மோசமாக உருண்டது.

டார்ப்பிடோவைப் பொறுத்தவரை எதிரி எவர் என்பதைப் பாருங்கள். அமெரிக்கா தன் ஹெவி குரூசர்களிலிருந்து அவற்றைக் கழற்றிவிட்டது, ஜப்பான் 610 மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டது. 1942 ஜூன் 6 அன்று மிட்வேக்கு அருகே விமானங்கள் தாக்கியபோது ஜப்பானியக் குரூசர் மிகுமாவின் டார்ப்பிடோக்கள் வெடித்து அந்தக் கப்பல் அழிந்தது. கூடவே இருந்த மொகாமி தன்னுடையவற்றை முன்பே கடலில் தள்ளிவிட்டிருந்தது, பலத்த சேதத்தோடும் தப்பியது.

வெள்ளம் பரவாமல் இருக்க நடுவில் நீளவாட்டில் ஒரு சுவர் வைத்தால் பாதுகாப்புதானே?

படத்தில் அப்படித் தெரியும். தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் நிரம்பும்போது கப்பல் அந்தப் பக்கம் சாய்கிறது, சாய்ந்த கப்பல் கவிழ்கிறது. 1914 செப்டம்பர் 22 காலையில் வட கடலில் அபுக்கீர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் கவசக் குரூசர்களை யு-9 என்ற ஒரே நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கவாட்டு நிலக்கரி அறைகளின் நீளச் சுவர்கள் வெள்ளத்தை ஒரு பக்கமாகத் தேக்கிச் சாய்த்தன. அன்று இரவுதான் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது.

குறுக்குச் சுவர்களை நெருக்கமாக வையுங்கள். பாய்லர் அறை, எஞ்சின் அறை, மறுபடி பாய்லர் அறை, எஞ்சின் அறை என்று மாற்றி மாற்றி வைத்தால் ஒரே அடியில் எல்லாம் நின்றுபோகாது. காக்க வேண்டிய நீளம் அதனால் கூடும் என்பதைக் கவசக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதன்மைப் பீரங்கியையே வானத்தை நோக்கிச் சுட வைக்கலாமா? தனி விமான எதிர்ப்புப் பீரங்கி மிச்சம்தானே?

பிரிட்டன் கென்ட் வகையின் 8 அங்குலப் பீரங்கிகளை 70 பாகை உயர்த்தும்படி கட்டியது. 200 டன் கோபுரம் விமானத்தின் வேகத்துக்குத் திரும்பாது, நிமிடத்துக்கு நாலைந்து குண்டு போதவும் போதாது. எடையும் சிக்கலும்தான் மிச்சம். 45 அல்லது 50 பாகையோடு நிறுத்திவிட்டு, அந்த எடையைத் தனிப் பீரங்கிகளுக்குக் கொடுங்கள்.

1928-ல் 4 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி நான்கு இருந்தால் போதும் என்றே எல்லாரும் நம்பினார்கள். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்த கார்ன்வாலும் டார்செட்ஷயரும் ஜப்பானிய டைவ் பாம்பர் விமானங்களிடம் சிக்கின. இரண்டும் 10,000 டன் 8 அங்குலக் குரூசர்கள். அரை மணி நேரத்துக்குள் இரண்டும் மூழ்கின, 424 பேர் இறந்தார்கள். ஒப்பந்தம் காலாவதியான பின் வந்த அமெரிக்க பால்டிமோர் வகை 48 போஃபர்ஸ் 40 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு 13,600 டன்னுக்கு வளர்ந்தது. உங்கள் கப்பல் 1942 வரை வாழ வேண்டும் என்றால் நிலைப்பில் இப்போதே கொஞ்சம் இருப்பு வையுங்கள்.

இதே கப்பலை 1905-ல் கட்டுவதாக வைத்தால்?

வேறு கப்பல் ஆகிவிடும். நிலக்கரி, பிஸ்டன் நீராவி எஞ்சின், 23 நாட் வேகம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் மினோடார் 14,600 டன்னில் 9.2 அங்குலம் நான்கும் 7.5 அங்குலம் பத்தும் சுமந்தது. 1908-ல் டர்பைனோடும் எட்டு 12 அங்குலப் பீரங்கிகளோடும் இன்வின்சிபிள் வந்ததும் அந்த வகைக்கே வேலை இல்லாமல் போயிற்று.

அந்த ஆண்டுகளில் வடிவமைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பக்கவாட்டில் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பீரங்கி வைப்பது படத்தில் அழகு. 1914 நவம்பர் 1 அன்று சிலி நாட்டுக் கரையோரம் கோரோனெலில், கொந்தளித்த கடலில் குட் ஹோப், மான்மவுத் கப்பல்களின் கீழ்வரிசைப் பீரங்கிகளைச் சுடவே முடியவில்லை. இரண்டு கப்பல்களிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஸ்பிரிங்ஷார்ப் மென்பொருள் "சரி" என்று காட்டுது, அப்புறம் என்ன குறை?

அது எடையையும் நிலைப்பையும் பலத்தையும் தோராயமாகச் சரிபார்க்கும், நல்ல கருவிதான். ஆனால் நீங்கள் வைத்த பொருள் வைத்த இடத்தில் நுழையுமா என்று அதற்குத் தெரியாது. அதனால் குறைந்தது மூன்று குறுக்குவெட்டுப் படங்கள் வரையுங்கள்: முன் கோபுரத்தில் ஒன்று, பாய்லர் அறையில் ஒன்று, பின் கோபுரத்தில் ஒன்று. 700 மாலுமிகள் எங்கே படுப்பார்கள் என்பதையும் குறியுங்கள்.

பெரும்பாலான வரைபடங்கள் முன் கோபுரத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. வேகத்துக்காக முன்முனை ஒடுங்கியிருக்கும், அந்த இடத்தில் மூன்று பீரங்கிக் கோபுரத்தின் பார்பெட் உடற்கூட்டைவிட அகலமாகிவிடும். பென்சகோலாவில் வழக்கத்துக்கு மாறாகக் கனமான மூன்று பீரங்கிக் கோபுரங்களை மேல்வரிசையிலும், இலகுவான இரட்டைக் கோபுரங்களைக் கீழே முனைப்பக்கத்திலும் வைத்ததற்கு இதுவே காரணம். உங்களுக்கும் இடிக்கிறது என்றால் கோபுரத்தைச் சில மீட்டர் பின்னால் நகர்த்துங்கள். அதோடு பாய்லர் அறையும் பின்னால் போகும், கவசத்தின் 90 மீட்டரும் மாறும், எடைக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.